கொல்லைக் கோழியின் குணமறிந்து வளர்ப்போம்

உழவு மாட்டுக்குப் பெயர் வைக்காத விவசாயி இல்லை. கறவைப் பசுவும் தன் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் கோழிகளைப் பற்றிக் கேட்டால், "ஏழு உருப்படி இருக்கிறது" என்று எண்ணிக்கையோடு நிறுத்திக் கொள்கிறோம். அதே வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், வேறு விடை கிடைக்கும். எது அடுப்படி மூலையில் முட்டையிடும், எது அண்டை வீட்டு வைக்கோற்போரில் போய் இட்டு வைக்கும், எது அடையில் இருக்கும்போது கிட்டே போனால் கொத்தும், எது பருந்து தலைக்கு மேலே வட்டமிட்டாலும் குப்பையைக் கிளறிக் கொண்டே இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கொல்லைக் கோழி வளர்ப்பில் இந்த அறிவுதான் பெரிய முதலீடு. இதைக் கொண்டு எந்தக் கோழியை வைத்துக் கொள்வது, எதை அடை வைப்பது, எதை விற்பது என்று முடிவு செய்யும் முறையை இங்கே பார்ப்போம்.

உழவியல் கற்பிக்கும் ஒருவன் கோழியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் எருக்குழி வழியாகக் கோழியிடம் வந்தவன். கோழி எருவில் சுமார் 3 சதம் தழைச்சத்தும், 2.6 சதம் மணிச்சத்தும், 1.4 சதம் சாம்பல் சத்தும் உள்ளன. தொழு எருவில் தழைச்சத்து அரை சதத்தை ஒட்டியே இருக்கும். அந்த எருவைத் தேடிப் போன வீடுகளில்தான் கோழிகளின் போக்கையும் கவனிக்கத் தொடங்கினேன்.

பெயர் பெற்ற கோழிகள்

கோழிக்குத் தனிப் பெயர் வைப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. திருவண்ணாமலைக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. கல்லில் செதுக்கியிருப்பது ஒரு சேவலை. முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த கோழி போரிட்டு மாண்டது என்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தளூரிலும் ஒரு கல் உண்டு. கீழ்ச்சேரிக் கோழியான அதன் பெயர் பொற்கொற்றி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கள் இவை. சேவற்போரை இன்று நாம் ஊக்குவிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சேரியார் தம் சேவலின் பெயரையும் குணத்தையும் 1,500 ஆண்டுகள் நிற்கும்படி எழுதி வைத்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. திருவண்ணாமலையிலேயே ரமணாசிரமத்தில் 1948-இல் இறந்த லட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் இருக்கின்றன. சேவல் முருகன் கொடியில் ஏறிவிட்டது. பெட்டைக் கோழிக்குத்தான் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் ஒரு பக்கமாவது கொடுப்போம்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன நட்டம்?

நாட்டுக் கோழி ஆண்டுக்கு 50 முதல் 70 முட்டை வரை இடும். சில 40-ஐத் தாண்டுவதில்லை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் கலப்புக் கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் இடுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து நம் கோழி உதவாதது என்று முடிவு கட்டுவோர் உண்டு. பண்ணைக் கோழி அடையிருக்காது. தலைமுறை தலைமுறையாக அடையிருக்கும் குணத்தைக் கழித்து, முட்டையிடும் குணத்தை மட்டும் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. குஞ்சு வேண்டுமானால் பொரிப்பான் வேண்டும், மின்சாரம் வேண்டும், முதல் சில வாரங்களுக்கு வெப்ப விளக்கும் வேண்டும். நாட்டுக் கோழி இவ்வளவு வேலையையும் தன் இறக்கைக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் எல்லா நாட்டுக் கோழியும் இந்த வேலையை ஒன்றுபோலச் செய்வதில்லை. வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் ஐந்து சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் உண்டு. அவற்றில் கருப்பி என்பது பெரிய கொண்டையும் உருண்ட உடலுமாகப் பார்க்க எடுப்பாக இருக்கும். முட்டையும் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே இடும். அடையில் மட்டும் பத்து நாள் தாண்டாது. தெருவில் நாய் குரைத்தாலும் எழுந்து போய்விடும், முட்டைகள் குளிர்ந்து கூமுட்டையாகும். புள்ளி என்பது இளைத்த உடம்பு, சின்னக் கொண்டை. முட்டை 40-க்குக் கிட்டத்தான். அடையில் உட்கார்ந்தால் 21 நாளும் உட்கார்ந்திருக்கும். சென்ற ஆண்டு பொரித்த 10 குஞ்சுகளில் 8-ஐப் பெரிதாக்கிவிட்டது.

இப்போது கோழி வியாபாரி சைக்கிளில் வந்து நிற்கிறார். எதைக் கொடுப்பீர்கள்? பெரும்பாலான வீடுகளில் புள்ளியைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். உருவமும் இல்லை, முட்டையும் குறைவு என்பது காரணம். அடுத்த பருவத்தில் கொல்லையில் குஞ்சே இராது. கோழி ராசியில்லை என்று அலுத்துக் கொள்வோம். கருப்பியின் முட்டையைப் புள்ளியின் அடையில் வைத்தால் இரண்டு கோழியும் உழைக்கும். கொல்லைக் கோழி வளர்ப்பில் லாபம் இந்த இணைப்பில்தான் இருக்கிறது. இதற்குத் தீவனச் செலவு ஒரு காசும் கூடாது.

யார் முதலில் கொத்துவது?

கையளவு கம்பை முற்றத்தில் இறைத்துவிட்டு நின்று கவனியுங்கள். ஒரு கோழி எல்லாவற்றையும் கொத்தி விரட்டும். அதைத் தவிர மற்றவற்றை இரண்டாவது விரட்டும். கடைசிக் கோழி ஓரமாக நின்று, மற்றவை நகர்ந்த பின் மிச்சத்தைப் பொறுக்கும். இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர் நார்வே நாட்டு தோர்லைப் ஷெல்டெரூப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வந்தவர், 1922-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று குரங்குக் கூட்டம் முதல் மாட்டு மந்தை வரை இத்தகைய வரிசையைப் பற்றி அறிஞர்கள் பேசுவதற்கு அந்தக் கோழிகளே தொடக்கம்.

வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை இராது. மேல் கோழி கழுத்தை நிமிர்த்தினாலே கீழ்க் கோழி ஒதுங்கிவிடும். புதுக் கோழி ஒன்று வந்தாலோ, இருந்த கோழி ஒன்று போனாலோதான் கொல்லையில் மறுபடியும் ரகளை. ஆகையால் சந்தையில் வாங்கிய கோழியை நேரே கொல்லையில் விடலாகாது. நோய் ஒட்டிவருமோ என்ற எச்சரிக்கைக்காக மூன்று வாரம் தள்ளி, தனிப் பஞ்சாரத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகு மற்றக் கோழிகள் கண்ணால் பார்த்துப் பழகும்படி பஞ்சாரத்தைக் கொல்லைக்கு மாற்றி, சில நாள் கழித்து இரவில் கூட்டில் சேர்க்கலாம். ஒற்றைக் கோழியாக விடுவதைவிட இரண்டாகச் சேர்த்து விட்டால் கொத்து பங்கு போகும்.

கடைசி வரிசைக் கோழிதான் நம் கவனத்துக்கு உரியது. தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று இடத்தில் இறையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் இரண்டாக இருக்கட்டும். மாலையில் கோழிகள் அடைந்த பின் கழுத்துக்கும் மார்புக்கும் இடையிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நன்றாக மேய்ந்த கோழிக்கு அது உருண்டையாக நிறைந்திருக்கும். தொடர்ந்து சில நாள் தட்டையாக இருந்தால் அந்தக் கோழிக்கு இரை கிடைக்கவில்லை, அல்லது உடம்பு சரியில்லை. முட்டையிடாத கோழி என்று நாம் பழி சொல்லும் கோழிகளில் சில, பட்டினிக் கோழிகளே.

அடைக்கோழியைத் தேர்ந்தெடுத்தல்

சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, குரலை மாற்றிக் குறுகி உட்காரும் கோழியை எல்லாம் உடனே அடை வைத்துவிட வேண்டாம். இரண்டு நாள் கூமுட்டையையோ வழுவழுப்பான கூழாங்கல்லையோ வைத்துச் சோதியுங்கள். இரவு கூட்டிலேயே தங்குகிறதா? இரை தின்ன எழுந்து போனால் கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்புகிறதா? கையை நீட்டும்போது அலறி ஓடாமல், உடம்பைப் பரப்பி முட்டையை மூடுகிறதா? கையைக் கொத்தினாலும் குற்றமில்லை. முட்டையை விட்டு ஓடாமல் இருப்பதே முக்கியம். இந்தச் சோதனையில் தேறிய கோழிக்கே நல்ல முட்டைகளை நம்பிக் கொடுக்கலாம்.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. கோடையில் நாலைந்து நாளே போதும். முட்டையிட்ட தேதியைப் பென்சிலால் ஓட்டின் மேல் எழுதி, ஈர மணல் மேல் வைத்த மண்சட்டியில் சேர்த்து வாருங்கள். முட்டையைக் கழுவ வேண்டாம். சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை போதுமானது. கூடுதலாக வைத்தால் ஓரத்து முட்டைகளுக்கு மாறி மாறிச் சூடு குறைந்து, எல்லாமே கெடும். பெருவிடைக் கோழி உடல் கனத்தால் முட்டையை உடைப்பதுண்டு. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு வைப்பதே பல ஊர்ப் பெண்களின் வழக்கம். நல்ல வழக்கந்தான்.

கூடையில் மணலும் அதன் மேல் வைக்கோலும் பரப்பி, கொஞ்சம் வேப்பிலை போட்டு, இரவில் அடை வையுங்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவார்கள். போட்டால் தீங்கில்லை. ஆனால் பேன் பற்றிய கோழியை வைத்துவிட்டு இரும்பை நம்பினால், கடி தாங்காமல் கோழி எழுந்து போய்விடும். ஆகவே முதலில் இறகைப் பிரித்துப் பாருங்கள். 7-ஆம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தால், கரு வளரும் முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி போலத் தெரியும். தெரியாதவற்றை எடுத்துவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு கோழியைத் தொந்தரவு செய்யலாகாது.

திருவண்ணாமலை நகரிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களிலும் உள்ளோர் இன்னொன்றையும் கருத வேண்டும். கார்த்திகைத் தீபத்தின்போது லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். இரவு முழுவதும் நடமாட்டமும் வெடிச்சத்தமும் இருக்கும். பௌர்ணமி இரவுகளும் ஓரளவு அப்படியே. கருப்பியைப் போன்ற கலவரக் கோழியை அந்த நாட்களை ஒட்டி அடை வைப்பதில் பயனில்லை. புள்ளியைப் போன்றதானாலும் தெருப்பக்கத் திண்ணையை விட்டு உள்ளறை மூலைக்கு மாற்றுங்கள். மலையடிவாரத் தெருக்களில் குரங்கு முட்டையை எடுத்துப் போகும். எனவே கூடைக்கு மூடி அவசியம்.

இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைப்பது நல்ல உத்தி. இரண்டின் குஞ்சுகளையும், பொரித்த ஓரிரு நாளுக்குள், இரவில் நல்ல தாயின் இறக்கைக்குள் சேர்த்து விடலாம். விடிந்ததும் தாய் அவற்றைத் தன்னுடையதாகவே கொள்ளும். மற்றக் கோழி விரைவில் மறுபடி முட்டைக்கு வரும். 15 நாள் முட்டை, 21 நாள் அடை, இரண்டரை மாதம் குஞ்சு வளர்ப்பு என்று ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆவதால்தான் நாட்டுக் கோழியின் முட்டைக் கணக்கு குறைகிறது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

தாய்க்கோழியின் பரிவு வெறும் கற்பனையன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குஞ்சுகளின் மேல் மட்டும் மெல்லிய காற்றை ஊதியபோது, பார்த்துக் கொண்டிருந்த தாயின் இதயத் துடிப்பு கூடியது. அது உடனே எச்சரிக்கையாகி, குஞ்சுகளைக் கூப்பிடும் குரலையும் எழுப்பியது. தன் மேல் காற்று படவில்லை, குஞ்சின் மேல் பட்டதற்கே இந்த மாற்றம்.

குரலைப் புரிந்து கொள்ளுதல்

கோழிக்கு இருபதுக்கும் மேற்பட்ட குரல்கள் உண்டு. அவற்றில் இரண்டு உங்கள் குஞ்சுகளைக் காப்பாற்றும். வானத்தில் பருந்தைக் கண்டால் சேவல் மெல்லிய நீண்ட கீச்சொலி எழுப்பும். தரையில் கீரியோ பூனையோ வந்தால் விட்டு விட்டுக் கொக்கரிக்கும். கிறிஸ்டபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குரல்களை மட்டும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். எதிரியே இல்லாதபோதும், முதற் குரலுக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கின. இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா வாசலில் அரிசி புடைத்துக் கொண்டே, தலையைத் தூக்காமல், "மேல பாருங்கடா, பருந்து" என்று பேரப் பிள்ளைகளை விரட்டுவார். அவர் கேட்டது சேவலின் குரலைத்தான்.

எச்சரிக்கை கொடுக்கும் சேவலை, கறிக்கு எடை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் விற்றுவிட வேண்டாம். ஓடிப் பதுங்க இடமும் வேண்டும். வெட்டவெளி முற்றத்தில் முருங்கைக் கழிகளையோ பழைய ஓலைத் தட்டியையோ ஒரு முழ உயரத்தில் சாய்த்து வைத்தால், குஞ்சுகள் அதன் அடியில் நுழைந்து கொள்ளும்.

குணம் மாறினால் நோய்

கொல்லைக் கோழியை அடியோடு அழிப்பது வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் ராணிகேத் நோய் என்றும் சொல்கிறோம். வெள்ளையும் பச்சையுமாகக் கழிவதும், கழுத்து திருகுவதும், மூச்சுத் திணறுவதும் பிந்திய அறிகுறிகள். அதற்குள் நோய் கொல்லை முழுதும் பரவியிருக்கும். முந்திய அறிகுறி குணமாற்றந்தான். எல்லாவற்றையும் விரட்டும் கோழி இன்று விரட்டவில்லை. தீனிக்கு முதலில் ஓடிவரும் கோழி கடைசியாக வருகிறது. மேல் கிளையில் அடையும் கோழி தரையிலேயே குறுகி நிற்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏழு கோழியும் ஏழாகத்தான் இருக்கும். குணமறிந்தவர் அன்றே அந்தக் கோழியைப் பிரித்துக் கூடையில் கவிழ்த்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்வார்.

நோய் வந்த பின் இதற்கு மருந்தில்லை. வருமுன் தடுப்பதே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தை ஒட்டி இறக்கையில் தடுப்பூசியும் போட வேண்டும். இடையில் எப்போது மறுபடி போடுவது என்பதை மருத்துவமனையில் கேட்டுக் கொள்ளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன், பெரும்பாலும் பிப்ரவரியில், கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகிறது. முகாம் அன்று காலையில் கூட்டைத் திறக்காமல் வைத்திருங்கள். திறந்துவிட்டுப் பிடிக்க ஓடினால் பாதிக் கோழி தப்பிவிடும். கொல்லைக் கோழிக்கென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. கழிச்சல் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது சிலர் வழக்கம். அடுத்த ஊர்க் கொல்லைகள் காலியாவது அதனால்தான். இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழக் குழியில் புதையுங்கள்.

நம் மாவட்டத்தில் மணிலா விதைக்கும் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பூசணக்கொல்லி கலந்து விதை நேர்த்தி செய்த பருப்பில் மிஞ்சியதை முற்றத்தில் கொட்டிவிடுகிறோம். கோழிக்கு அது நஞ்சு. பூசணம் பிடித்த மல்லாட்டையும் அப்படியே. அதிலுள்ள அப்ளாடாக்சின் குஞ்சுகளின் ஈரலைக் கெடுக்கும். மனிதன் தின்ன முடியாதது கோழிக்கு ஆகும் என்று எண்ணுவது, மணிலாவைப் பொறுத்த மட்டில் தவறு.

எதை விற்பது, எப்போது விற்பது?

புரட்டாசியில் கோழிக்கும் முட்டைக்கும் கேட்பார் குறைவு. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டோர் வீடுகளிலும் வாங்குவதில்லை. விற்க வேண்டிய சேவல்களை ஆடியில், ஊர்த் திருவிழாக்களை ஒட்டி விற்றுவிடுவது நல்லது. பெட்டைகளில் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகியது, அடைக்கும் ஒவ்வாமல் முட்டையும் இடாதது, குஞ்சுகளை மிதித்துக் கொல்வது ஆகியவற்றை முதலில் கழியுங்கள். நல்ல தாயை நான்கைந்து வயது வரைகூட வைத்திருக்கலாம். அதற்குப் பிறகும், "இவளை விற்க மனமில்லை" என்று வீட்டில் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். ஒரு கிழக்கோழி தின்னும் தானியம் மிகச் சொற்பம். குப்பையைக் கிளறி எருவைப் பொடியாக்கித் தருவதில் அதற்கு இளங்கோழிக்குக் குறைந்த கூலி கொடுக்க வேண்டியதில்லை.

குறிப்பேடு

பிள்ளைகளின் பழைய நோட்டில் கோழிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரே நிறக் கோழிகள் இருந்தால் காலில் வேறு வேறு வண்ணத் துணி நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் செய்யலாம். வளரும் வெடைக்கோழிக்கு மாதம் ஒருமுறை அவிழ்த்துக் கட்டாவிட்டால் நூல் தோலில் இறங்கிவிடும். பக்கத்தின் மேலே பெயர், பொரித்த மாதம், தாய் எது என்று எழுதுங்கள். கீழே ஒவ்வொரு ஈட்டிலும் இட்ட முட்டை, வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, மூன்று மாதம் கழித்து மிஞ்சிய குஞ்சு ஆகிய நான்கு எண்களைப் பதியுங்கள். இவற்றில் கடைசி எண்ணே மிக முக்கியமானது. எழுதும் வேலையைப் பள்ளி செல்லும் பிள்ளையிடமும், சொல்லும் வேலையை வீட்டம்மாவிடமும் விட்டுவிடுங்கள். இன்று மாலை கோழிகள் அடையும் நேரத்தில் கொல்லையில் நின்று, எது முதலில் ஏறுகிறது, எது எதன் பக்கத்தில் உட்காருகிறது என்று பார்த்து முதல் பக்கத்தைத் தொடங்கலாம்.